பிடித்ததாலா பார்க்கிறோம்?

ஒரு செயலியை மக்கள் விடாமல் பார்க்கிறார்கள் என்றால் அது அவ்வளவு நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். என் தொழிலில் இருப்பவர்கள் சர்வசாதாரணமாக இப்படிச் சொல்வார்கள். வெளியில் இருப்பவர்கள் அதையே வேறு மாதிரி சொல்கிறார்கள்: "அதுல அப்படி என்னதான் இருக்கோ, ஃபோனைக் கீழ வைக்க மாட்டேங்குது." புதுச்சேரியில் ஒரு சின்ன நிறுவனத்தில் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. இரண்டு பேச்சும் தினமும் காதில் விழுகிறது. இரண்டும் தவறு என்று நினைக்கிறேன். கொஞ்சம் பிடித்தால் பொழுதுபோக்கு, ரொம்பப் பிடித்தால் அடிமைத்தனம் என்று ஒரே அளவுகோலில் வைக்கிற விஷயம் இல்லை இது. பிடிக்காமல் போன பிறகும் கை ஏன் போய்க்கொண்டே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். போக வர பஸ்தான். ஒருநாள் காலை ஆல்பேட்டை தாண்டும்போது பக்கத்து சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் ரீல்ஸைத் திறந்தாள். அடுத்தவர் ஃபோனை எட்டிப் பார்ப்பது நாகரிகம் இல்லைதான். ஆனால் அவள் கட்டைவிரலையும் முகத்தையும் கவனிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. பிரியாணிச் சட்டியின் தம் உடைக்கிறார்கள், தள்ளினாள். ஒரு காமெடி, வசனம் முடியும் முன்னே தள்ளினாள். யானை குளிக்கிறது, சிசிடிவியில் ஒரு விபத்து, யாரோ இங்கிலீஷ் சொல்லித்தருகிறார், ஒருவர் தோசைக்கல் பழக்குகிறார்; எல்லாவற்றுக்கும் ஒரே முகம். பாலம் தாண்டி, முள்ளோடை தாண்டி, கன்னியக்கோவில் வரும்போது ஒரே ஒருமுறை சிரித்தாள். தாத்தாவின் பல்செட்டை எடுத்து ஒரு குழந்தை தன் வாயில் வைத்துக்கொள்கிறது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் விரல் அதையும் தள்ளிவிட்டது. கிருமாம்பாக்கம் பக்கம் சிக்னல் போய்த் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டாள். அவள் முகத்தில் வந்த இரண்டாவது உணர்ச்சி அந்த எரிச்சல்.

அவள் அதை ரசித்துக்கொண்டிருந்தாள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரசித்த அந்த ஒன்றில்கூட அவளால் தங்க முடியவில்லையே.

இதற்கு ஆய்வகத்தில் பதில் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்பவரும் டெர்ரி ராபின்சனும் எலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் கிட்டத்தட்ட முழுவதும் அழிக்கப்பட்ட எலி, பக்கத்திலேயே தீனி இருந்தாலும் போய் எடுக்காது. நாம் ஊட்டாவிட்டால் பட்டினி கிடந்து செத்துப்போகும். ஆனால் அதே எலியின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சுழற்றி உதட்டை நக்குகிறது. இனிப்பு அதற்குப் பிடித்தேதான் இருக்கிறது; வேண்டும் என்கிற உந்துதல் மட்டும் இல்லை. திருப்பிப் பார்த்தாலும் அப்படியே. டோபமைனைக் கூட்டினால் எலி இனிப்புக்காக அதிகம் ஓடுகிறது, வாயில் பட்டபோது அதிகம் ரசிப்பதில்லை. அதாவது, பிடிப்பதற்கும் வேண்டும் என்று இழுப்பதற்கும் மூளையில் தனித்தனி ஏற்பாடு. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே போகின்றன, அதனால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

டோபமைனை "சந்தோஷ ரசாயனம்" என்று எழுதாத பத்திரிகை இல்லை. 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் மின்முனை பொருத்தினார்கள். நெம்புகோலை அழுத்தினால் மூளையின் ஓரிடத்தில் மெல்லிய மின்சாரம் பாயும். எலி மற்றதை விட்டுவிட்டு அதையே அழுத்திக்கொண்டிருந்தது. மூளையின் இன்ப மையம் கிடைத்துவிட்டது என்று உலகம் பேசியது. அந்த எலி இன்பத்தில் அழுத்தியதா, நிறுத்த முடியாமல் அழுத்தியதா என்று பிற்பாடு பெரிட்ஜ் போன்றவர்கள் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் இந்த விஷயத்தின் உயிர்நாடியாகத் தெரிகிறது.

சரி, பிடிக்காமலே இழுக்கிற அந்த உந்துதலை ஒரு திரையால் எப்படி உண்டாக்க முடிகிறது? முக்கியமான வழி, கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் வைப்பது. பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் 1950களிலேயே புறாக்களை வைத்து இதை விரிவாக அளந்துவிட்டார். இத்தனை கொத்துக்கு ஒரு தானியம் என்று உறுதியாகக் கொடுத்தால் புறா கொத்தும், தானியம் வந்ததும் கொஞ்சம் ஓய்வெடுக்கும். எத்தனையாவது கொத்துக்கு வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஓய்வே இல்லாமல் கொத்தும். தானியத்தை அடியோடு நிறுத்தினாலும் ரொம்ப நேரம் விடாது. பிறகு வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களை நேரடியாகப் பதிவு செய்தார்கள். பழச்சாறு நிச்சயம் வரும் என்று குரங்குக்குத் தெரிந்துவிட்டால், சாறு வரும் நேரத்தில் அந்த அணுக்கள் பெரிதாகத் துடிப்பதில்லை. அவர்கள் 2003இல் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது: வருமா வராதா என்பது சரிபாதி சந்தேகமாக இருக்கும்போதுதான் காத்திருக்கும் நேரத்தில் அந்தத் துடிப்பு ஏறிக்கொண்டே போய் உச்சத்தைத் தொடுகிறது.

இதை நம் ஊரே அனுபவித்திருக்கிறது. 2019 தீபாவளிக்கு கூகுள் பே செயலியில் ஐந்து ஸ்டாம்ப் சேர்த்தால் 251 ரூபாய் என்றார்கள். விளக்கு, ஜிமிக்கி எல்லாம் சுலபமாகக் கிடைக்கும், ரங்கோலி கிடைக்காது. ரங்கோலி கேட்டு உறவுக்காரர் குரூப்புகளில் வந்த செய்திகள் நினைவிருக்கும். பணம் அனுப்புவதும் வாங்குவதும் ரசிப்பதற்கான காரியமே இல்லை. டீக்கடையில் பத்து ரூபாய் கொடுப்பதில் என்ன சுவாரசியம்? அதன் மேல் ஒரு கீறல் அட்டையை வைத்தால், கீறினால் பெரும்பாலும் "பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்" என்று வந்தாலும், மறுபடி ஒரு தடவை அனுப்பிப் பார்க்கத் தோன்றுகிறது. சுவையே இல்லாத ஒன்றிலும் இழுப்பை மட்டும் தனியாகச் சேர்க்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த இழுப்பு நம்மிடம் ஏற்கெனவே இருந்ததில்லை, மேலே பூசப்பட்டது.

ஆனால் சந்தேகம் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். சந்தேகம் இல்லாத விளையாட்டு எது? கிரிக்கெட்டில் அடுத்த பந்து என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? புதுச்சேரியில் ஒயிட் டவுன் பக்கம் மாலை வேளையில் பெரியவர்கள் மண் தரையில் பெத்தாங்க் ஆடுவார்கள். தென் பிரான்சில் பிறந்த ஆட்டம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்களும் அவர்கள் பிள்ளைகளும் விடாமல் பிடித்துவைத்திருக்கிறார்கள். முதலில் ஒரு சின்ன மரக்குண்டை வீசுவார்கள். பிறகு வட்டத்துக்குள் இரண்டு காலும் தரையில் பதிய நின்று, இரும்புக் குண்டுகளை அதற்கு எவ்வளவு பக்கத்தில் போட முடியும் என்று போட்டி. எதிராளி குண்டை அடித்துத் தூக்கும்போது 'டங்'கென்று ஒரு சத்தம் வரும், அதற்கே சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். கடைசிக் குண்டு எங்கே உருளும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். கிடைக்குமா கிடைக்காதா என்பது இங்கேயும் அப்படியேதான் இருக்கிறது. அவர்கள் அதை எவ்வளவு ரசிக்கிறார்கள் என்பதும் முகத்திலேயே தெரியும். ஒரு மாலை, ஆட்டம் முடிந்து குண்டுகளைத் துணியால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"இன்னொரு ஆட்டம் இல்லையா தாத்தா? இன்னும் வெளிச்சம் இருக்கே."

"பதிமூணு ஆயிடுச்சும்மா. முடிஞ்சுது. நாளைக்குத்தான்."

பெத்தாங்கில் முதலில் 13 புள்ளி எடுக்கும் அணி வெல்லும், அத்தோடு ஆட்டம் முடிந்தது. அவருக்குப் பெரிய மனக்கட்டுப்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது தேவைப்படவே இல்லை. எழுந்து போகிற இடத்தை ஆட்டமே அவருக்குக் கொடுத்துவிட்டது. வாரப் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்தால் செய்தி வந்துவிடும். அப்பா எழுந்து போவார், அம்மா அடுப்படிக்குப் போவாள். முடிகிற எந்தப் பொருளும் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது: இன்னும் வேண்டுமா? அந்த ஒரு கணத்தில்தான் பிடிக்கிறதா என்று நாமும் யோசிக்கிறோம்.

அந்தக் கணத்தைத்தான் எங்கள் தொழில் எடுத்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிந்தால் "அடுத்த பக்கம்" என்று ஒரு பொத்தான் இருக்கும். 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே போகப்போகப் பக்கம் தானாக நீண்டுகொண்டே இருக்கும்படி ஒரு முறையை உருவாக்கினார். ஒரு சொடுக்கு மிச்சமாகும், பயனருக்கு வசதி என்பதுதான் அப்போதைய எண்ணம். பின்னாளில் அதற்காக அவரே பொதுவெளியில் வருத்தம் தெரிவித்தார். தொடர்களைக் காட்டும் செயலிகளில் அடுத்த எபிசோட் தானாக ஓட ஆரம்பித்தது 2012 வாக்கில். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நம் ஊரில் டேட்டா தீர்ந்துவிடும் என்கிற தடையும் போனது. அதுவரை மாதக் கடைசியில் பேலன்ஸ் தீர்வதாவது ஒரு முற்றுப்புள்ளியாக இருந்தது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது, ஜூலையிலேயே இந்தியாவில் ரீல்ஸ் வந்துவிட்டது. பெயர் மாறியது. ஒன்றை மேலே தள்ளினால் அடுத்தது தயாராக நிற்கும் அந்த அமைப்பு மாறவில்லை.

இந்த இரண்டும், அதாவது வருமா என்ற சந்தேகமும் முடிவே இல்லாமையும், பணத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆன்லைன் ரம்மியில் பார்த்தோம். பொங்கலுக்கு எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையிலும் ரம்மி நடக்கும். சீட்டைக் கலைக்க வேண்டும், போட வேண்டும், அடுக்க வேண்டும். நோட்டில் பாயிண்ட் எழுதுகிற சித்தப்பா தப்பாகக் கூட்டுவார், அதற்கொரு சண்டை. நடுவில் காபி வரும். தூக்கம் வந்தவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். செயலியில் சீட்டு அதே சீட்டு, விதி அதே விதி. இடையில் இருந்தது எல்லாம் போய்விட்டது. ஒரு கை தோற்ற நொடியில் அடுத்த கை விரிந்து நிற்கும். தோற்றோம் என்று உணர்வதற்கே அவகாசம் இல்லை. லாஸ் வேகாஸ் சூதாட்ட இயந்திரங்களின் முன்னால் உட்கார்பவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானுடவியலாளர் நடாஷா டாவ் ஷூல் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். வெல்வதற்காக இல்லை, தொடர்ந்து ஆடிக்கொண்டே இருப்பதற்காகத்தான் ஆடுகிறோம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஜெயித்த பணமும் மேலும் ஆடுவதற்கான நேரம்தான் அவர்களுக்கு.

தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் சிதைந்த பிறகு, 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் அல்ல என்று சொல்லித் தடையிலிருந்து அவற்றை எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் மாநில அரசு விதிமுறைகள் போட்டது: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை திரையில் வர வேண்டும். உயர் நீதிமன்றம் இவற்றை ஜூன் மாதம் சரி என்றது. எனக்கு இதில் பிடித்தது, சட்டம் எழுதியவர்கள் நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள் என்பது. "மனதைக் கட்டுப்படுத்துங்கள்" என்று போஸ்டர் ஒட்டவில்லை. செயலி எடுத்துப்போட்ட முற்றுப்புள்ளியைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். ஆனால் அது தமிழ்நாட்டு விதி. என் பஸ் முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, வேறு அரசு. சாராய விலைக்காக இந்த எல்லையைத் தாண்டுகிறவர்களைக் கடலூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது, பெரிய நிறுவனங்கள் அந்த ஆட்டங்களை நிறுத்தின. பணம் போனால் கணக்கில் தெரிகிறது, அதனால் சட்டம் வந்தது. பொழுது போனால் எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை.

எத்தனை மணி நேரம் பார்த்தால் அடிமைத்தனம் என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்பதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. அதில் மணிக்கணக்கே கிடையாது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியமாகிவிடுவது, கெடுதல் நேர்ந்தும் தொடர்வது என்பவைதான் அடையாளம். அதுவும் பொதுவாக ஓராண்டு காலம் நீடித்திருக்க வேண்டும். என் அக்கா மகன் கணினியில் நகரம் கட்டும் விளையாட்டை விடுமுறையில் நாள் முழுக்க ஆடுவான். கூப்பிட்டால் வருவான், சாப்பிடும்போது எந்த ஆற்றுக்குப் பாலம் போட்டான் என்று எல்லாருக்கும் விளக்குவான். அதைப் பார்த்து நான் பயப்படவில்லை. மூன்று மணி நேரம் ரீல்ஸ் பார்த்துவிட்டு வருகிறவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஒன்றைக்கூடச் சொல்ல முடியாமல் தவிப்பார். அந்த வித்தியாசத்தை மணிக்கணக்கு காட்டாது.

பழியைப் பார்ப்பவர் மேலேயே போடுவது எனக்குக் கோபம் வருகிற விஷயம். என் மேஜைக்கு வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். சின்னக் குழந்தைகளுக்கான தமிழ்க் கதைச் செயலி. படங்கள் அருமை, குரல் கொடுத்தவர் சொந்தப் பாட்டி மாதிரியே கதை சொல்வார். மூன்று கதை முடிந்ததும் ஒரு பக்கம் வரும்படி வடிவமைத்தேன்: கிளையில் உட்கார்ந்த ஆந்தை கொட்டாவி விட்டு, "இன்னிக்குக் கதை முடிஞ்சுது, நாளைக்கு வா" என்று கண்ணை மூடிக்கொள்ளும். சோதனைக்குக் கொடுத்த வீடுகளில் குழந்தைகள் ஆந்தைக்கு டாட்டா சொல்லிவிட்டு ஃபோனைக் கொடுத்துவிடுவதாகத் தாய்மார்கள் சொன்னார்கள். எங்களுக்கு வேலை கொடுத்தவர் ரிப்போர்ட்டைத் திறந்தார். அதில் ஆந்தைப் பக்கம் மட்டும் சிவப்பாக இருந்தது, ட்ராப் ஆஃப் என்று. எந்தப் பக்கத்தில் ஆட்கள் வெளியேறுகிறார்களோ அதைச் சிவப்பாகக் காட்டும் கருவி அது. திருப்தியாகப் போனவரையும் வெறுத்துப் போனவரையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

"மேடம், குழந்தை வெளிய போறதுக்கு நாமளே கதவத் திறந்து விடுறோமே?" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை அவர். முதலீடு செய்தவர்கள் அவரிடம் கேட்பது ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம், ஏழாம் நாள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற இரண்டே எண்கள். நான் வாதாடினேன். ஆந்தை போனது, நான்காவது கதை தானாக ஓடியது. அதே கதை, அதே குரல், அதே படம். கதை முன்பைவிட ஒரு துளிகூட இனிமையாகவில்லை. நிமிடங்கள் மட்டும் கூடின.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு பொருள் ரசிக்கவைக்கிறதா கட்டிப்போடுகிறதா என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதில் இல்லை. எதை அளக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நிமிடத்தை அளக்கிற இடத்தில் ஆந்தைக்கு வேலை இல்லை.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. நல்லதுதான். முடிவில்லாத திரையைப் பற்றி அதில் பேச்சில்லை. ஐரோப்பாவில் டிக்டாக்கின் ஒரு செயலி, வீடியோ பார்த்தால் புள்ளிகள் என்று பரிசு கொடுத்தது. ஐரோப்பிய ஆணையம் விசாரணை தொடங்கியதும் 2024இல் அந்தத் திட்டத்தையே அங்கே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உள்ளே ஓடும் வீடியோவைத் தொடாமல் வடிவமைப்பை மட்டும் கேள்வி கேட்க முடியும் என்பது அதில் தெரிந்தது. 2021இல் யூடியூப் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் கணக்குகளில் தானாக ஓடுவதை முன்கூட்டியே அணைத்து வைப்பதாக அறிவித்தது. அந்தச் சுவிட்ச் என்ன செய்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். நம் வீட்டுக் குழந்தைகள் பார்ப்பது பெரும்பாலும் அப்பா, அம்மாவின் கணக்கில். அங்கே அது திறந்தே இருக்கிறது. குழந்தைகளுக்கென்று விற்கப்படும் எந்தச் செயலியிலும் அடுத்தது தானாக ஓடக் கூடாது, வேண்டுமென்றால் பெரியவர் போய் இயக்கிக்கொள்ளட்டும் என்று ஒரே ஒரு வரி விதி வந்தால் போதும், எங்களைப் போன்றவர்கள் மேஜையில் நடக்கும் பாதி வாதம் முடிந்துவிடும். அதுவரை, யூடியூபில் வீடியோ ஓடும்போது திரையைத் தொட்டால் மேலே ஒரு சின்னச் சுவிட்ச் தெரியும். அதை அணைத்துவிட்டுக் குழந்தையிடம் கொடுங்கள்.